கழிமுகச் சேற்றில் ஒரு புதுச் சிற்றினம்: வாசகர் கேள்வி – பதில்

பாக்டீரியா வகைப்பாட்டைப் பற்றி வந்த கடிதங்களில், ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் ஆறு கேள்விகள் இங்கே சேர்த்துத் தரப்படுகின்றன. முதல் கடிதத்துக்கு விரிவான பதில் தேவைப்பட்டது. மற்றவற்றுள் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

கேள்வி: கழிமுகச் சேற்றிலிருந்து மஞ்சள் நிறக் காலனி ஒன்றைப் பிரித்தெடுத்திருக்கிறேன். கோல் வடிவம், கிராம் நெகட்டிவ் (கிராம் சாயத்தைத் தக்கவைக்காத வகை). உப்பில்லாத ஊடகத்தில் வளர மறுக்கிறது. பாக்டீரியாக்களின் உறவைக் கணிக்கப் பயன்படும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவை ஒப்பிட்டதில் மிக நெருங்கிய உறவினத்துடன் 97.9 விழுக்காடு ஒப்புமை வந்தது. "இது புதுச் சிற்றினம்தான், கட்டுரை எழுதத் தொடங்கு" என்கிறார்கள் உடன் பயில்பவர்கள். அப்படிச் சொல்லிவிடலாமா? — ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: இப்போதே சொல்லிவிட முடியாது, ஆனால் நம்பிக்கையோடு மேலே வேலை செய்யலாம். 97.9 என்பது நல்ல அறிகுறி, அவ்வளவுதான்.

அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் பாருங்கள். 16எஸ் மரபணு ஏறத்தாழ 1,500 கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்துகள்) நீளமுடையது. அதில் விரைவாக மாறும் பகுதிகளும் அநேகமாக மாறாத பகுதிகளும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், ஒரே பிரைமரை (படிக்கத் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டை) கொண்டு படித்த 700 அல்லது 800 காரங்களை மட்டும் ஒப்பிட்டிருந்தால், எந்தத் துண்டு கையில் சிக்கியதோ அதற்கேற்ப விழுக்காடு ஏறும் அல்லது இறங்கும். 27எஃப், 1492ஆர் ஆகிய பிரைமர்களால் இரு முனைகளிலிருந்தும் படித்து, கிட்டத்தட்ட முழு நீளத்தையும் ஒப்பிட்ட பிறகுதான் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. யாரோடு ஒப்பிட்டீர்கள் என்பதும் அதே அளவு முக்கியம். பொதுத் தரவுத்தளத்தில் ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் தேடலின் முதல் வரிகளில், வளர்க்கப்படாத உயிரிகளின் வரிசைகளும், பெயர் சரிபார்க்கப்படாமல் யாரோ பதிவேற்றிய வரிசைகளும் கலந்து வரும். நீங்கள் ஒப்பிட வேண்டியது டைப் ஸ்ட்ரெய்ன்களோடு, அதாவது ஒவ்வொரு சிற்றினப் பெயரும் நிலையாகக் கட்டப்பட்டிருக்கும் அந்த மூல வளர்ப்புகளோடு மட்டுமே. ஈஸிபயோகிளவுட் என்ற இணையத் தரவுத்தளத்தில் டைப் ஸ்ட்ரெய்ன்களை மட்டும் வைத்துத் தேட வசதி உண்டு.

1994இல், ஒரே சிற்றினமா வேறு சிற்றினமா என்பதற்கு எல்லையாக 97 விழுக்காடு முன்வைக்கப்பட்டது. பிறகு கிடைத்த தரவுகளைக் கொண்டு அது 98.7 விழுக்காட்டுக்கு உயர்த்தப்பட்டது. உங்கள் எண் இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பதால், முழு நீள ஒப்பீட்டிலும் அது நிலைத்தால், வேறு சிற்றினம் என்பதற்கு வலுவான வாய்ப்பு உண்டு. மறுபுறம், கோட்டுக்கு மேலே இருப்பது ஒரே சிற்றினம் என்பதற்குச் சான்றாகாது: ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்கும் பேசில்லஸ் ஆந்த்ராசிஸும், மண்ணில் சாதாரணமாகக் கிடைக்கும் பேசில்லஸ் சீரியஸும் 16எஸ் மரபணுவில் 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருக்கின்றன.

எண்ணைவிட எனக்குக் கவலை தருவது தூய்மை. சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் ஒன்றின் கழிவில் மற்றொன்று வாழப் பழகியவை. தட்டுக்கு வந்த பிறகும் அவ்வளவு எளிதில் பிரிவதில்லை. நான் ஆய்வைத் தொடங்கிய காலத்தில் ஒரு மஞ்சள் வளர்ப்போடு நான்கு மாதங்கள் போராடினேன். ஒரே சோதனை ஒரு நாள் ஒரு விடையையும் மறு நாள் வேறு விடையையும் தந்தது. கடைசியில், சத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்த ஊடகத்தில் கீற்றி (வளையக் கம்பியால் கோடுகளாகப் பரப்பி), பத்து நாட்கள் விட்டுவைத்துப் பிறகு தட்டை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தபோதுதான், மஞ்சள் காலனிகளின் விளிம்பை ஒட்டி, குண்டூசி முனையளவுகூட இல்லாத நிறமற்ற காலனிகள் பனித்துளி போல ஒட்டியிருப்பது தெரிந்தது. ஆகவே, தனிக் காலனி ஒன்றை எடுத்து மீண்டும் கீற்றும் வேலையை நான்கைந்து முறையாவது செய்யுங்கள். சத்து மிகுந்த ஊடகம், சத்துக் குறைந்த ஊடகம் இரண்டிலும் செய்யுங்கள். மரபணு வரிசையின் வரைபடத்தில் ஓரிடத்தில் இரண்டு உச்சிகள் தெரிந்தால் உடனே கலப்பு என்று முடிவு கட்டவும் வேண்டாம். ஒரே செல்லில் 16எஸ் மரபணு ஒன்றிலிருந்து பதினைந்து பிரதிகள் வரை இருப்பதுண்டு. அவற்றுக்குள் சிறு வேறுபாடு இருந்தாலும் அப்படித் தெரியும். முழு ஜீனோமை, அதாவது செல்லின் மொத்த டி.என்.ஏ.வை, படித்தால் இந்த ஐயம் தீர்ந்துவிடும்.

ஜீனோம் வரிசை இன்று தவிர்க்க முடியாத தேவை. 2018இல் வெளியான பரிந்துரைத் தரங்களின்படி ஒவ்வொரு இடமும் சராசரியாக 50 முறையாவது படிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த ஜீனோமிலிருந்து எடுத்த 16எஸ் வரிசையும், நீங்கள் தனியாகப் படித்த 16எஸ் வரிசையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால், எங்கோ குழாய் மாறியிருக்கிறது என்று பொருள். ஐந்து நிமிட வேலைதான்; அதைச் செய்யாமல் விட்டு, பிறகு கட்டுரையைத் திரும்பப் பெற்றவர்களின் வேதனை பெரிது.

இனி, பலரும் அவசரத்தில் கடந்துவிடும் பகுதிக்கு வருகிறேன். புதியது என்று நிறுவுவது, உங்கள் பாக்டீரியாவைப் பற்றி எத்தனை செய்திகள் சேர்த்தீர்கள் என்பதால் முடிவாவதில்லை. அதன் நெருங்கிய உறவினங்களை அதே ஊடகத்தில், அதே வெப்பநிலையில், அதே வளர்ச்சிக் கட்டத்தில் அருகருகே வளர்த்து, என்ன வேறுபாடு தெரிகிறது என்று பார்ப்பதால்தான் முடிவாகிறது. கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை தாழும்போது செல் தன் சவ்வு இறுகிவிடாதபடி அமிலங்களின் விகிதத்தை மாற்றிக்கொள்கிறது. 30 பாகையில் வளர்ந்த உங்கள் வளர்ப்பை, வேறோர் ஆய்வகம் 20 பாகையில் வளர்த்து வெளியிட்ட அட்டவணையோடு ஒப்பிட்டால், நீங்கள் காணும் வேறுபாடு சிற்றினத்தினுடையதா, குளிரினுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே, நெருங்கிய டைப் ஸ்ட்ரெய்ன்களைக் காப்பகத்திலிருந்து விலைக்கு வாங்கி வளர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உப்புத் தேவையைச் சோதிக்கும்போதும் ஒரு கண்ணி உண்டு. கடல் பாக்டீரியாக்களுக்கு வழக்கமாகப் பயன்படும் மரைன் அகார் 2216இல் ஏற்கெனவே ஏறத்தாழ 2 விழுக்காடு சோடியம் குளோரைடு இருக்கிறது; அதன் மேல் உப்பைச் சேர்த்துக்கொண்டே போனால் கீழ் எல்லை ஒருபோதும் தெரியாது. அதன் கூறுகளைத் தனித்தனியாக வாங்கி, சோடியம் குளோரைடு இல்லாமல் தயாரித்து, பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். சோடியம் மட்டும் போதுமா, மக்னீசியமும் கால்சியமும் கூட வேண்டுமா என்பதையும் பிரித்துப் பாருங்கள். ஆற்று நீரும் கடல் நீரும் மாறிமாறி வந்துபோகும் கழிமுகத்தில் வாழும் உயிரிக்கு இந்த எல்லைகள்தான் அதன் வாழ்க்கை வரலாறு. அட்டவணையில் ஒரு வரியாக அதைச் சுருக்கிவிடாதீர்கள்.

மஞ்சள் நிறத்தைக் கொண்டு ஒரு சிறு சோதனையும் செய்யலாம். 20 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் ஒரு துளியைக் காலனியின் மேல் விட்டால், ஃபிளெக்சிருபின் வகை நிறமி இருக்கும்போது மஞ்சள் சட்டென்று சிவப்பு அல்லது பழுப்பு நிறமாகிவிடும். கரோட்டினாய்டு மட்டும் இருந்தால் இப்படி மாறாது. அதே பொருளின் 3 விழுக்காடு கரைசலைக் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு வைத்து, காலனியை அதில் குழைத்து வளையக் கம்பியை மெல்லத் தூக்கினால், கிராம் நெகட்டிவ் செல்கள் உடைந்து டி.என்.ஏ. வெளிப்படுவதால் பிசினைப் போல நூல் இழுத்துக்கொண்டு வரும். உங்கள் கிராம் சாயச் சோதனை சரிதானா என்று உறுதிசெய்ய இது போதும். சுவாசத்தில் எலக்ட்ரான்களைக் கடத்தும் குயினோன்களில் எம்கே-6 என்ற வகை முதன்மையாக இருந்தால், உங்கள் உயிரி ஃபிளேவோபாக்டீரியேசி குடும்பத்தைச் சேர்ந்தது என்ற ஊகம் வலுப்படும்.

கேள்வி: கலந்து இனம்பெருக்கி, வளமான சந்ததியைத் தருபவையே ஒரு சிற்றினம் என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். பாக்டீரியாக்களோ பிளவுற்றுப் பெருகுபவை. பின் அவற்றுக்குச் சிற்றினம் என்ற எல்லையை எதைக் கொண்டு வகுக்கிறார்கள்? — உயிரியல் ஆசிரியர் ஒருவர்

பதில்: வகுப்பில் சொல்லும் வரையறை பாக்டீரியாக்களுக்குப் பொருந்தாது என்பதை மாணவர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். பாக்டீரியாக்கள் மரபணுக்களைத் தூரத்து உறவினங்களிடமிருந்துகூட வாங்கிக்கொள்பவை. ஆகவே இனக்கலப்பு என்ற அளவுகோல் இங்கே உதவுவதில்லை. வகைப்பாட்டாளர்கள் செயல்முறை சார்ந்த ஓர் எல்லையை ஒப்புக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

1987இல் ஒரு நிபுணர் குழு அந்த எல்லையை இப்படி வகுத்தது: இரு ஸ்ட்ரெய்ன்களின் (தனித்தனியே பிரித்தெடுத்த தூய வளர்ப்புகளின்) டி.என்.ஏ.வையும் சூடாக்கி இழைகளைப் பிரித்து, ஒன்றோடொன்று இணைய விட்டால், ஏறத்தாழ 70 விழுக்காடோ அதற்கு மேலோ இணைந்தால் அவை ஒரே சிற்றினம். கொள்கை நல்லதுதான்; ஆனால் இந்தச் சோதனை மிகக் கடினமானது, ஆய்வகத்துக்கு ஆய்வகம் விடை மாறக்கூடியது. இப்போது அதன் இடத்தைக் கணினி ஒப்பீடு பிடித்துவிட்டது. ஒரு ஜீனோமைச் சிறு துண்டுகளாக, ஒரு முறையில் 1,020 காரங்கள் கொண்ட துண்டுகளாக, வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மற்ற ஜீனோமில் இணையான இடத்தைத் தேடி, ஒப்புமைகளின் சராசரியைக் கணக்கிடுகிறார்கள். சராசரி நியூக்ளியோடைடு ஒப்புமை எனப்படும் இந்த அளவு 95 முதல் 96 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேறு சிற்றினம். பழைய 70 விழுக்காடு இதற்கு நிகரானது.

இந்தக் கோடு எவ்வளவு தாராளமானது என்பதை மாணவர்களுக்கு உணர்த்த ஓர் ஒப்பீடு சொல்லுங்கள். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் இடையே, நேருக்கு நேர் பொருத்திப் பார்க்கக்கூடிய டி.என்.ஏ.வில் உள்ள வேறுபாடு 1 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். பாக்டீரியாக்களுக்குரிய அளவுகோலை அப்படியே கொண்டுவந்தால் இரண்டும் ஒரே சிற்றினமாகிவிடும்.

அதற்காக இந்த எல்லை வெறும் கற்பனைக் கோடு என்று நான் கருதவில்லை. 2018இல் ஏறத்தாழ 90,000 ஜீனோம்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, பெரும்பாலான இணைகள் 95க்கு மேலோ 83க்குக் கீழோ விழுந்தன; இடையில் மிகச் சிலவே இருந்தன. இயற்கையிலேயே ஏதோ ஓர் இடைவெளி இருக்கிறது என்றுதான் இதிலிருந்து தோன்றுகிறது. ஆனால் நாம் இதுவரை வளர்த்தவை நமக்கு வசதியானவை மட்டுமே என்பதால், வளராதவையும் கணக்கில் சேரும்போது அந்த இடைவெளி நிரம்புமா என்ற விவாதம் தொடர்கிறது. பெயர்கள் எப்போதும் இந்த எல்லைக்குக் கட்டுப்படுவதும் இல்லை: வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் ஷிகெல்லா, ஜீனோம் அளவில் குடல் பாக்டீரியாவான எஷெரிசியா கோலைக்குள்ளேயே அடங்குகிறது, மருத்துவத்தில் குழப்பம் வரக் கூடாது என்பதற்காகத் தனிப் பேரினப் பெயரோடு நீடிக்கிறது.

கேள்வி: புதிய சிற்றினத்தின் வளர்ப்பை இரண்டு நாடுகளில் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி ஏன்? — வாசகர்

பதில்: ஒரு காப்பகத்தில் தீயோ மின்தடையோ நேர்ந்தாலும், ஒரு நாடு அனுப்புவதை நிறுத்திக்கொண்டாலும், மூல வளர்ப்பு இழக்கப்படக் கூடாது என்பதற்காகத்தான். 2001 முதல் இது கட்டாயம். பாக்டீரியா வகைப்பாட்டில் பெயர் என்பது ஒரு விளக்கத்துக்கோ படத்துக்கோ வைக்கப்படுவதில்லை, உயிருள்ள ஒரு வளர்ப்புக்கு வைக்கப்படுகிறது. அது எவரும் கேட்டு வாங்கிச் சோதிக்கக்கூடியதாக இருந்தாக வேண்டும். சேறு எடுத்த நாட்டின் உயிரிப் பல்வகைமைச் சட்டமும், மரபு வளங்களைப் பயன்படுத்துவது பற்றி 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை என்ற சர்வதேச உடன்பாடும் அனுமதி கேட்கக்கூடும். கட்டுரை எழுதி முடித்த பிறகு விண்ணப்பித்தால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்; சேறு எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சேற்றில் இருக்கும் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை தட்டில் வளர்வதில்லை என்கிறார்கள். அப்படியானால் அவற்றுக்குப் பெயரே கிடையாதா? — கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: கழிமுகச் சேற்றை ஒரு குழாயால் குத்தி எடுத்து நிமிர்த்திப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பு நிறம். அதன் கீழே கன்னங்கரேலென்று இரும்பு சல்பைடு. மூக்கில் அழுகிய முட்டையின் நெடி. ஆக்சிஜன் அந்த மெல்லிய மேலடுக்கோடு நின்றுவிடுகிறது. கீழே சல்பேட்டைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும் பாக்டீரியாக்களின் உலகம். காற்றுபட வைத்த ஒரு தட்டில் வளர்பவற்றை மட்டும் எண்ணினால், இந்த அடுக்குகளில் மேலடுக்கின் ஓர் ஓரத்தைத்தான் பார்த்தவர்களாவோம். நுண்ணோக்கியில் தெரியும் எண்ணிக்கைக்கும் தட்டில் வளரும் எண்ணிக்கைக்கும் உள்ள இந்தப் பெரும் இடைவெளியைத் தட்டு எண்ணிக்கையின் பெரும் முரண் என்று 1985இலேயே குறிப்பிட்டார்கள்.

இந்தக் கரிய அடுக்குக்கும் பழுப்பு அடுக்குக்கும் நடுவே வாழும் ஓர் உயிரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. கேபிள் பாக்டீரியா என்று அழைக்கப்படுவது அது. ஆயிரக்கணக்கான செல்கள் வரிசையாக ஒட்டி, சென்டிமீட்டர் அளவுக்கு நீளும் இழை. கீழே சல்பைடிலிருந்து எலக்ட்ரான்களை எடுத்து, மின்கம்பி போலக் கடத்தி, மேலே ஆக்சிஜனிடம் சேர்க்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் விரிகுடாச் சேற்றில் இத்தகைய மின்னோட்டம் இருப்பது 2010இல் வெளியானது. அதைக் கடத்துவது பாக்டீரியாதான் என்பது 2012இல் தெரிந்தது. 2025இல், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள யாக்வினா விரிகுடாக் கழிமுகச் சேற்றிலிருந்து கேண்டிடேட்டஸ் எலக்ட்ரோத்ரிக்ஸ் யாகோனென்சிஸ் என்ற புதிய சிற்றினம் விவரிக்கப்பட்டது. அதன் இழையின் மேற்பரப்பில் ஓடும் வரப்பு போன்ற மேடுகள் மற்றச் சிற்றினங்களினுடையதைவிட மூன்று மடங்கு வரை அகலமானவை. அதன் மரபணுக்களில் எலக்ட்ரோத்ரிக்ஸ், எலக்ட்ரோனீமா ஆகிய இரு பேரினங்களின் இயல்புகளும் கலந்து காணப்படுகின்றன.

பெயரின் முன்னால் நிற்கும் கேண்டிடேட்டஸ் என்ற சொல்தான் உங்கள் கேள்விக்கு விடை. தூய வளர்ப்பு இல்லாதவற்றுக்கு 1990களிலிருந்து வழங்கப்படும் தற்காலிகத் தகுதி அது. தூய வளர்ப்புள்ள சிற்றினத்தின் பெயருக்கு இருக்கும் முழுத் தகுதி அந்தப் பெயருக்கு இல்லை. 2022இல் சீக்கோடு என்ற தனி விதித்தொகுப்பு வெளியாகி, தரமான ஜீனோம் வரிசையையே மூல மாதிரியாக வைத்துப் பெயரைப் பதிவுசெய்ய வழிசெய்தது. நான் இதை வரவேற்கிறேன். பெயரில்லாத உயிரியைப் பற்றி இருவர் பேசிக்கொள்ளவே முடியாது. என்றாலும், வரிசை என்பது உயிரி அல்ல. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் எடுத்த ஆழ்கடல் சேற்றிலிருந்து ஓர் ஆர்க்கியாவை (பாக்டீரியாவிலிருந்து வேறான நுண்ணுயிர் வகை) வளர்த்தெடுக்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்கள். அது ஒருமுறை இரட்டிப்பாகவே இரண்டு முதல் மூன்றரை வாரங்கள் பிடித்தது. செல்லிலிருந்து நீண்ட கிளைகள் புறப்படும் அதன் வியப்பான வடிவத்தை எந்த ஜீனோம் வரிசையும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

கேள்வி: புதிய பாக்டீரியாவுக்குப் பெயர் வைப்பவர் யார்? தமிழ்ச் சொல்லைப் பெயராக வைக்கலாமா? — வாசகர்

பதில்: விவரித்து வெளியிடுபவரே பெயரைச் சூட்டுகிறார். எந்த மொழிச் சொல்லையும் எடுக்கலாம். ஆனால் லத்தீன் வடிவம் கொடுத்து, அடைமொழி பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலுக்கேற்ப விகுதியைச் சேர்க்க வேண்டும். தமிழ்ச் சொல்லுக்குத் தடையில்லை. ஒலிப்பதற்கு எளிதான, குறுகிய சொல்லாகத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் வேண்டுகோள். தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது ஏற்கப்படுவதில்லை. படிவைச் சுட்டும் செடிமினிஸ், கழிமுகத்தைச் சுட்டும் ஈஸ்டுவாரி போன்ற அடைமொழிகள் பல பேரினங்களில் ஏற்கெனவே உள்ளன. உங்கள் பேரினத்துக்குள் இல்லையென்றால் அவற்றையும் வைக்கலாம்.

பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் ஐஜேஎஸ்இஎம் எனச் சுருக்கி அழைக்கப்படும் சர்வதேச இதழில் வெளியாக வேண்டும். வேறு இதழில் வெளியாகியிருந்தால், ஐஜேஎஸ்இஎம் இதழின் செல்லுபடிப் பட்டியலில் இடம்பெற வேண்டும். இன்றைய பெயர்களின் முன்னுரிமை (எந்தப் பெயர் முந்தியது என்ற கணக்கு) எல்லாம் 1980 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்புதல் பட்டியலிலிருந்து எண்ணப்படுகிறது. அதில் சேராத பழைய பெயர்கள் அன்றோடு தம் நிலையை இழந்தன.

கேள்வி: ஒரே ஒரு ஸ்ட்ரெய்னைக் கொண்டு புதுச் சிற்றினம் என்று எழுதிய எங்கள் கட்டுரையை, இன்னும் ஸ்ட்ரெய்ன்கள் வேண்டும் என்று மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பிவிட்டார். விதி அப்படிச் சொல்கிறதா? — ஆய்வாளர் ஒருவர்

பதில்: விதி அப்படிச் சொல்லவில்லை. 2001இல் குறைந்தது ஐந்து ஸ்ட்ரெய்ன்களாவது வேண்டும் என்ற முன்மொழிவு எழுந்தது. அது கட்டாயமாக்கப்படவில்லை, இன்றும் மிகப் பல சிற்றினங்கள் ஒற்றை ஸ்ட்ரெய்னோடுதான் விவரிக்கப்படுகின்றன. ஆனாலும் நான் மதிப்பீட்டாளரின் பக்கமே நிற்கிறேன். உங்கள் அட்டவணையில் உள்ள ஒரு பண்பு சிற்றினத்துக்கே உரியதா, அந்த ஒரு காலனிக்கு மட்டும் உரியதா என்பதை ஒற்றை ஸ்ட்ரெய்னைக் கொண்டு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இன்று ஜெலாட்டினைக் கரைக்கிறது என்று எழுதுகிறோம். நாளை வேறொருவர் பிரித்தெடுக்கும் அடுத்த ஸ்ட்ரெய்ன் அதைக் கரைக்காவிட்டால், நம் விவரிப்பை நம்பி அதை அடையாளம் காண முயன்றவர் வழிதவறுவார்.

அதே கழிமுகத்துக்கு வேறொரு பருவத்தில், ஆற்று வெள்ளத்தால் உப்பு குறைந்திருக்கும் காலத்திலும் கடல் நீர் மேலோங்கியிருக்கும் காலத்திலும், மீண்டும் சென்று சேறு எடுங்கள். உங்கள் ஸ்ட்ரெய்னின் 16எஸ் வரிசையை, பிறர் வெளியிட்ட படிவு மாதிரிகளின் வரிசைத் தொகுப்புகளில் தேடிப் பாருங்கள்; எந்த உப்பளவில், எந்த ஆழத்தில் அது மிகுதியாகத் தென்படுகிறது என்று தெரிந்தால், எங்கே குழாயை இறக்குவது என்பதை அதுவே காட்டும். முதல் ஸ்ட்ரெய்னை எதனால் அடையாளம் கண்டீர்களோ, அந்த நிறத்தை மட்டும் பார்த்து அடுத்ததைத் தேடாதீர்கள். நிறம் மாறிய உறவினங்கள் தட்டிலேயே தவறிப்போகும். உங்கள் ஸ்ட்ரெய்னின் 16எஸ் வரிசையை மட்டும் பெருக்கும் பிரைமர் ஒன்றை வடிவமைத்துக்கொண்டு, எல்லாக் காலனிகளையும் அதைக் கொண்டு சலித்தெடுங்கள். ஒவ்வொரு மாதிரியோடும் ஆழம், வெப்பநிலை, உப்பளவு, பிஎச், எடுத்த நேரம் ஆகியவற்றைச் சேற்றங்கரையிலேயே குறித்துவிடுங்கள். ஆய்வகத்துக்கு வந்த பிறகு அவற்றை அளக்க முடியாது, குழாயைத் திறந்த கணத்திலேயே ஆக்சிஜன் உள்ளே புகுந்துவிடுகிறது.